வில் வண்டியில் இருந்து வெட்டின ஸ்பிரிங் வரை - ஒரு ஷாக் அப்சரின் கதை

எங்க ஊரு பூதப்பாண்டி. தோழர் ஜீவா பிறந்த ஊருன்னு சொன்னா நிறைய பேருக்கு சட்டுனு புரியும். நாகர்கோவில்ல இருந்து புத்தேரி, இறச்சகுளம் தாண்டி வந்தா வயலும் குளமும், பின்னாடி தாடகை மலையுமா இருக்கும். போன தடவை ஊருக்குப் போனப்ப நடந்ததைச் சொல்லிட்டு, அப்புறம் கொஞ்சம் சரித்திரம் பேசலாம்னு இருக்கேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க :)

என் சித்தப்பா பையன் ஒருத்தன் பூ வியாபாரம் பண்றான். விடியறதுக்கு முன்னாடி தோவாளை சந்தைக்குப் போய் பிச்சி, அரளி, கேந்தின்னு மூட்டை மூட்டையா எடுத்து, தன்னோட செகண்ட் ஹேண்ட் காரின் பின் சீட்டை மடக்கிப் போட்டு ஏத்திக்கிட்டு வருவான். தவணை கட்டி வாங்கின வண்டி. அதே வண்டியிலதான் சித்தியை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போவான்.

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினான். "அண்ணே, வண்டிய கொஞ்சம் எறக்கலாம்னு இருக்கேன். ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டினா போதுமாம். கொள்ளாமா?"

நான் படிச்சது மெக்கானிக்கல். பொழைக்கிறது சாப்ட்வேர். ஒரு பக்கம் கம்ப்யூட்டர்ல ஏதோ பில்டு ஓடிக்கிட்டு இருந்துது. அரைகுறையா கேட்டுட்டு, "கொஞ்சம் கட்டியா இருக்கும்லே மக்கா, வேற ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிட்டேன். வெட்டினதுக்கு அப்புறம் போட்டோ அனுப்பினான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையாது. "சூப்பர்"னு பதில் வேற போட்டேன்.

எட்டு மாசம் கழிச்சு நான் ஊருக்குப் போனா வண்டி கோயில் தெருவுல நிக்குது. பின்பக்க ஷாக் அப்சர் ரெண்டுலயும் எண்ணெய் ஒழுகி மண் அப்பியிருக்கு. "எட்டே மாசம்ணே. கம்பெனி ஷாக்கு. வெட்டாம இருந்தப்ப வருஷக்கணக்கா ஒண்ணும் ஆகலியே"ன்னான்.

அவன் கேட்ட கேள்விக்கு அன்னைக்கே ஒழுங்கா பதில் சொல்லியிருக்கணும். சொல்லல. அதான் இப்ப இந்தப் பதிவு.

முதல்ல எங்க ஊரு தேர்ல இருந்து ஆரம்பிப்போம். பூதலிங்கசுவாமி கோயில் தேரைப் பாத்தீங்கன்னா, அதுல ஸ்பிரிங்கும் கிடையாது, ஷாக்கும் கிடையாது. மரச் சக்கரம், மர அச்சு, அதுக்கு மேல நேரா தேர். திருப்பறதுக்கும் நிறுத்தறதுக்கும் முட்டுக்கட்டை. ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு பள்ளமும் அப்படியே உச்சிக் கலசம் வரைக்கும் போகும். மெதுவா உருளற வரைக்கும் இதுல பிரச்சனை இல்ல. வேகம் வந்தாத்தான் ஸ்பிரிங் வேணும்.

அந்த ஸ்பிரிங்குக்குத் தமிழ்ல அழகான பேரு இருந்துது - வில். நாஞ்சில் நாட்டுல வசதியான வீடுகள்ல வில் வண்டி நிக்கும்னு பெருசுங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. சாதா கட்டை வண்டிக்கும் வில் வண்டிக்கும் வித்தியாசமே அச்சுக்கு மேல இருக்கிற வளைஞ்ச இரும்புப் பட்டைகள்தான். இந்த வகை வில்லை ரெண்டு ரெண்டா சேர்த்து முட்டை வடிவத்துல குதிரை வண்டிக்குப் போட்டு 1804-ல் காப்புரிமை வாங்கினவர் இங்கிலாந்துக்காரரான ஒபதையா எலியட். இன்னைக்கும் லாரிப் பட்டறையில 'பட்டை உடைஞ்சு போச்சு'ன்னு சொல்றது இதே பரம்பரையைத்தான்.

இந்தப் பட்டை ஸ்பிரிங்குக்கு ஒரு ரகசியம் உண்டு. பட்டைங்க ஒண்ணுக்கு மேல ஒண்ணு உரசும். அந்த உரசல்தான் ஆட்டத்தை அடக்கும். அதாவது வில் வண்டியில தனியா ஷாக் அப்சர் இல்லைன்னாலும், ஷாக் அப்சர் செய்யற வேலையில கொஞ்சத்தை வில்லே பாத்துக்கிச்சு.

மாட்டு வண்டி, குதிரை வண்டி வேகத்துக்கு அது போதும். மோட்டார் வந்ததும் போதல. பள்ளத்துல விழுந்த கார், ஸ்பிரிங் விட்டுவிட்டு ஆட, குதிரை மாதிரி குதிச்சுக்கிட்டே போச்சு. 1900-களின் தொடக்கத்துல பிரான்சைச் சேர்ந்த ட்ரூஃபோ ஒரு கருவி செஞ்சார். கத்திரிக்கோல் மாதிரி ரெண்டு கை, நடுவுல உரசற தட்டுங்க. சக்கரம் மேலே கீழே ஆடும்போது தட்டு உரசி ஆட்டத்தைச் சூடா மாத்திடும். அமெரிக்கரான எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் இதைத் தன் நாட்டுக்குக் கொண்டு போய் வியாபாரம் ஆக்கினார். அப்புறம் மோரிஸ் ஊதாய் என்கிற இன்னொரு பிரெஞ்சுக்காரர் உரசலுக்குப் பதிலா எண்ணெயை வெச்சார். எண்ணெயைச் சின்ன ஓட்டை வழியா தள்ளினா அது எதிர்க்கும். மெதுவா தள்ளினா கொஞ்சமா எதிர்க்கும், வேகமா தள்ளினா ரொம்ப எதிர்க்கும். 1920-களின் கடைசியில வந்த ஃபோர்டு மாடல் ஏ காருக்கு ஊதாய் வகை ஷாக் அப்சர் போட்டாங்க.

இங்க ஒரு விஷயம். 'ஷாக் அப்சர்'ங்கிற பேரே தப்பு. அதிர்ச்சியை வாங்கிக்கறது ஸ்பிரிங். வாங்கினதைத் திரும்பக் கொடுக்காம அடக்கறதுதான் ஷாக்கோட வேலை. பிரிட்டிஷ்காரங்க 'டேம்பர்'னு சரியாச் சொல்றாங்க. நாமளும் 'அடக்கி'ன்னு சொல்லியிருந்தா, ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையை ஷாக்கு தலையில கட்டியிருக்க மாட்டோமோ என்னவோ.

அடுத்த கட்டம், இன்னைக்கு நாம பாக்கற குழாய் வடிவம். ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய். உள் குழாயில எண்ணெயும் பிஸ்டனும். பிஸ்டன் தண்டு உள்ளே வந்தா அது பிடிக்கிற இடத்துக்குச் சமமான எண்ணெய், அடியில இருக்கிற வால்வு வழியா வெளிக் குழாய்க்குப் போகணும். வெளிக் குழாயில மேலே கொஞ்சம் காத்து அல்லது வாயு. தண்டு வெளியே வர்ற இடத்துல ஒரு ரப்பர் சீல். இவ்வளவுதான் சமாச்சாரம். விடாம குலுக்கினா எண்ணெயில காத்து கலந்து நுரைக்கும். நுரை வந்தா அடக்கற சக்தி போயிடும். அதுக்குத்தான் பிரெஞ்சுப் பொறியாளர் த கார்போன் 1953-ல் ஒரே குழாயில, மிதக்கிற பிஸ்டனுக்குப் பின்னாடி அழுத்தமான வாயு வெச்ச ஷாக்கைக் கொண்டு வந்தார்.

நம்ம நாட்டுல ஷாக் அப்சர்னாலே பலருக்கு ஞாபகம் வர்ற பேரு கேப்ரியல். கேப்ரியல் இந்தியா 1961-ல் ஆரம்பிச்ச கம்பெனி. நம்ம ஓசூர்லயும் அவங்களுக்குத் தொழிற்சாலை உண்டு. ஆனா அந்தக் காலத்து அம்பாசிடருக்குப் பின்னாடி பட்டை ஸ்பிரிங். ஷாக் செத்தாலும் பட்டை உரசல் கொஞ்சம் காப்பாத்தும். வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கிட்டே வீடு வந்து சேரும்.

கதை மாறறது இன்னொரு ஆளால. ஏர்ல் மெக்ஃபெர்சன். ஜெனரல் மோட்டார்ஸ்ல ஒரு சின்னக் காருக்காக வேலை பாத்தார். அந்தக் காரையே கம்பெனி கைவிட்டுது. அவர் ஃபோர்டுக்குப் போனார். 1951-ல் இங்கிலாந்துல வந்த ஃபோர்டு கான்சல் காருல அவரோட அமைப்பு வந்துது. அதுல ஷாக் அப்சர் வெறும் அடக்கி இல்ல. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற தூணும் அதுதான். ஸ்பிரிங் அது மேலேயே உக்காந்திருக்கும். இடம் மிச்சம், செலவு கம்மி. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்ப முன்னாடி இருந்தது இந்த மெக்ஃபெர்சன் அமைப்புதான். அதுக்கப்புறம் நம்ம ரோட்டுல ஓடற பெரும்பாலான சின்னக் கார்கள்லயும் முன்பக்கம் இதுதான்.

லாபத்தோட ஒரு கடனும் வந்துது. பட்டை போய் சுருள் ஸ்பிரிங் வந்ததும் உரசல் போச்சு. இனிமே ஆட்டத்தை அடக்கறது முழுக்க ஷாக்கோட பொறுப்பு. முன்பக்கம் பக்கவாட்டுச் சுமையையும் அதே தண்டு தாங்கணும். எல்லாக் கணக்கும் 'வண்டி இந்த உயரத்துல நிக்கும்'ங்கிற ஒரே ஒரு எண்ணை வெச்சுப் போட்டது. அந்த எண்ணை மாத்தினா என்ன ஆகும்?

மாத்தினவங்க கதையும் பழசுதான். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கலிஃபோர்னியாவுல மெக்சிகோ வம்சாவளிப் பசங்க பழைய காரை வாங்கி, டிக்கியில மணல் மூட்டை வெச்சு வண்டியைத் தாழ்த்தினாங்க. அப்புறம் ஸ்பிரிங்கை வெட்டினாங்க. மெதுவா, தாழ்வா, கம்பீரமா போகணும், அதுதான் ஸ்டைல். 1958-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டுது: வண்டியோட எந்தப் பாகமும் சக்கர ரிம்மோட அடிமட்டத்துக்குக் கீழே வரக்கூடாது. அடுத்த வருஷமே ரான் அகீர்ரே என்பவர் தன் கார்வெட்டுல விமானத்துக்கான ஹைட்ராலிக் பம்பை மாட்டினார். போலீஸ் வந்தா மேலே, போனா கீழே :) அந்தச் சட்டம் ரத்தானது 2024 ஜனவரியிலதான்.

நம்ம பக்கம் தாழ்ந்த வண்டிகளைப் பாக்கணும்னா சென்னைக்குப் பக்கத்துல சோழவரம். உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்துல கார் ரேஸ் நடந்த காலம் அது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில தனிப் பந்தயத் தடமே வந்துது. பந்தயக்காரன் வண்டியைத் தாழ்த்தறதுக்குக் காரணம் உண்டு. எடை தாழ்வா இருந்தா வளைவுல சாய்மானம் குறையும். ஆனா அவன் ஸ்பிரிங்கை மட்டும் மாத்த மாட்டான். அதுக்கேத்த ஷாக்கையும் மாத்துவான். அவன் ஓட்டற தடத்துல பள்ளம் இல்ல, வேகத்தடை இல்ல, பின்னாடி பூ மூட்டையும் இல்ல. நாம சினிமாவுலயும், திருவனந்தபுரம் பக்கம் போனா கண்ணுல படற வண்டிகள்லயும் பாத்து எடுத்துக்கிட்டது உயரத்தை மட்டும்தான்.

சரி, இப்ப கணக்கு. எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிட்டதுதான். ஆனா ஒரு சின்னக் காருக்குப் பொருந்தற அளவுங்க.

ஒரு பின் சக்கரத்து ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க 20 நியூட்டன் வேணும்னு வெச்சுக்குவோம். வண்டி சும்மா நிக்கும்போது, ஷாக்கு மேல இருக்கிற ரப்பர் கட்டையை - பம்ப் ஸ்டாப் - தொடறதுக்கு முன்னாடி சக்கரம் 70 மி.மீ. மேலே போகலாம். இப்ப ஆறு சுத்து ஸ்பிரிங்குல ஒரு சுத்தை வெட்டறோம். மிச்சம் அஞ்சு சுத்து. ஸ்பிரிங்கோட கட்டித்தன்மை 20 சதவீதம் கூடும், அதாவது 24 நியூட்டன். வண்டி 40 மி.மீ. இறங்கிடுச்சுன்னா மேலே போக மிச்சம் இருக்கிற தூரம் 30 மி.மீ. தான்.

'ஸ்பிரிங் கட்டியாயிடுச்சே, அது சமாளிக்காதா?'ன்னு கேப்பீங்க. அன்னைக்கு நானும் மனசுக்குள்ள அப்படித்தான் நெனச்சேன். ஸ்பிரிங் வாங்கிக்கற சக்தி, அமுங்கற தூரத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. முதல்ல 70 மி.மீ.க்கு அது 49 ஜூல். வெட்டின பிறகு 30 மி.மீ.க்கு வெறும் 10.8 ஜூல். அஞ்சுல ஒரு பங்குன்னு வெச்சுக்கலாம். பழைய அளவு தாங்கணும்னா ஸ்பிரிங் அஞ்சரை மடங்கு கட்டியா இருக்கணும். நாம கூட்டினது 1.2 மடங்கு. மிச்சத்தை யார் வாங்குவா? ரப்பர் கட்டையும், அதுக்குக் கீழ இருக்கிற ஷாக்கும்தான்.

இப்ப பூ மூட்டையை ஏத்துங்க. 120 கிலோ, பக்கத்துக்கு 60 கிலோன்னு வெச்சாலே வெட்டாத ஸ்பிரிங் 30 மி.மீ. அமுங்கும், 40 மி.மீ. மிச்சம். வெட்டின ஸ்பிரிங் 25 மி.மீ. அமுங்கும், மிச்சம் 5 மி.மீ. அஞ்சே மில்லிமீட்டர்! தம்பியோட வண்டி தோவாளையில இருந்து கிளம்பும்போதே ஸ்பிரிங்ல ஓடல, ரப்பர் கட்டையில ஓடிக்கிட்டு இருந்திருக்கு.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்ற வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்துல தாண்டறதுக்கானது. எல்லா ஊர்லயும் அந்த அளவுலயா போடறாங்க? எங்க பக்கம் ஒரு முழ அகலத்துல கரப்பான்பூச்சி முதுகு மாதிரி ஒண்ணு இருக்கும். ஒவ்வொரு தடவையும் 'டொக்'குனு ஒரு அடி.

அந்த அடி ஷாக்கை எப்படிக் கொல்லுது? நாலு வழி இருக்கு.

ஒண்ணு, நேரடி அடி. ரப்பர் கட்டை நசுங்கி நசுங்கிக் கிழிஞ்சு போனதும் தடுக்க ஆள் இல்ல. பிஸ்டன் அடி வால்வு வரைக்கும் போய் இடிக்கலாம். வால்வு வளைஞ்சா முடிஞ்சுது கதை.

ரெண்டு, சீல். ஷாக் தண்டுல தினமும் சீலுக்குள்ள போய் வர்ற பகுதி பளபளன்னு இருக்கும். எப்பவாவது மட்டும் உள்ளே போற மேல் பகுதியில தூசியும் துருவும் உக்காந்திருக்கும். வண்டியைத் தாழ்த்தினா அந்தப் பகுதிதான் இப்ப சீலை உரசப் போகுது. அரத்தால ராவற மாதிரி. எண்ணெய் ஒழுக ஆரம்பிக்கறது அங்கதான்.

மூணு, அடக்கற சக்தி பத்தாமப் போறது. ஸ்பிரிங் 20 சதவீதம் கட்டியானா, அதே ஷாக்கோட அடக்கற விகிதம் 9 சதவீதம் போல குறையும். வண்டி கூடுதலா ஆடும், எண்ணெய் கூடுதலா சூடாகும். இது மட்டும்னா உடனே கொல்லாது, ஆனா மத்ததோட சேர்ந்துக்கும்.

நாலு, முன்பக்கம் தாழ்த்தினா மெக்ஃபெர்சன் தூணோட கோணம் மாறும். பக்கவாட்டு உரசல் கூடும், டயரோட உள்பக்கம் தேயும்.

இதைச் சொல்லும்போது ஒண்ணையும் நேர்மையா சொல்லணும். தாழ்த்தின வண்டி எல்லாத்துலயும் ஷாக் எட்டு மாசத்துல செத்துடாது. 20, 25 மி.மீ. மட்டும் இறக்கற மாதிரி அளவெடுத்து செஞ்ச ஸ்பிரிங்கும், அதுக்கேத்த குட்டையான ரப்பர் கட்டையும் போட்டு, சுமை ஏத்தாம நல்ல ரோட்டுல ஓட்டினா கம்பெனி ஷாக்கே நல்ல காலம் வரும். ஏற்கனவே பாதி செத்த ஷாக்கை வெச்சுக்கிட்டு தாழ்த்தினதை மட்டும் குத்தம் சொல்றவங்களும் உண்டு. ஷாக்கைக் கொல்றது தாழ்வு இல்ல, இடமில்லாமை. கேஸ் கட்டர் வெச்சு வெட்டினா இன்னொரு ஆபத்து. சூடுபட்ட இடத்துல எஃகோட பதம் போயிடும். ஸ்பிரிங்கே உடையலாம்.

சட்டமும் இருக்கு. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்கள் பதிவுச் சான்றுல இருக்கறதுல இருந்து மாறும்படி வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-ஆவது பிரிவு. ஆனா என்னைப் பயமுறுத்தினது சட்டம் இல்ல.

அன்னைக்கு மழை. வண்டியை நானே எடுத்துக்கிட்டு திட்டுவிளை தாண்டி கீரிப்பாறை ரோட்டுல கொஞ்ச தூரம் போனேன். ஒரு வளைவுல லேசா பிரேக் மிதிச்சேன். பின்பக்கம் தட தடன்னு குதிச்சு ஒரு அடி வெளியே போய் நின்னுது. எதிர்ல நல்லவேளை யாரும் வரல. ஷாக் செத்தா சக்கரம் ரோட்டுல ஒட்டாது. ஒட்டாத சக்கரத்துக்கு பிரேக் இருந்தும் பிரயோஜனம் இல்ல. எல்லாம் படிச்சதுதான், பரீட்சையில எழுதினதும்தான். இந்த வண்டியிலதான் விடியக்காலை இருட்டுல அவன் தினமும் வந்துக்கிட்டு இருந்தான். சித்தி ரெண்டு மாசமா இடுப்பு வலின்னு சொன்னதுக்கும் அர்த்தம் புரிஞ்சுது.

திரும்பி வந்து தம்பிகிட்ட சொன்னேன். "லே, தப்பு என் மேலதான். அன்னைக்கு நீ கேட்டப்ப நான் ஒழுங்கா யோசிச்சுச் சொல்லல."

அவன் சிரிச்சான். "விடுண்ணே. நீ வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் நான் வெட்டியிருப்பேன்."

இருக்கலாம். ஆனா 'வேண்டாம்'னு சொன்ன கணக்கு என்கிட்ட இருந்திருக்கும்ல.

மறுநாள் நாகர்கோவில்ல நாலு கம்பெனி அளவு ஸ்பிரிங், பின்னாடிக்கு ரெண்டு புது ஷாக், ரப்பர் கட்டைங்க எல்லாம் வாங்கிப் போட்டோம். பாதிக் காசு நான் போட்டேன். முன்பக்க ஷாக்கு இன்னும் ஒழுகல, ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாருன்னு சொல்லியிருக்கேன். வெட்டின ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட மனசில்லாம வீட்டுத் திண்ணையில வெச்சிருக்கான். சித்தி அது மேல பூக்கூடையை வெச்சுக்கறாங்க.

டிஸ்கி: உங்க வீட்டுப் பக்கம் வில் வண்டி ஓட்டின, இல்ல பட்டறையில பட்டை கட்டின பெருசுங்க யாராவது இருந்தா, அந்தக் காலத்துல ஆட்டத்தை எப்படி அடக்கினாங்கன்னு கேட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. அப்புறம், யாராவது ராத்திரி போன் பண்ணி சந்தேகம் கேட்டா கம்ப்யூட்டரை மூடி வெச்சுட்டு பதில் சொல்லுங்க.